எலும்பு கூடுற காலம்

ஒடிஞ்ச எலும்பு எத்தனை நாளில் கூடும் என்று கேட்டால் எங்க வளவில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும், ஒன்றரை மாசம் என்று. கிணறு வெட்டப் போய்க் கால் முறிஞ்சவருக்கும் ஒன்றரை மாசம். கம்பெனி வேன் கவிழ்ந்து கை முறிஞ்சவளுக்கும் ஒன்றரை மாசம். மாவுக்கட்டைப் பிரிச்ச மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்கள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. எனக்கு எட்டு மாசம் ஆனது. அந்த எட்டு மாசத்தில் என் உடம்பைப் பற்றி ஊரும் உறவும் கம்பெனியும் என்னென்ன பேசினார்கள், அந்தக் காலத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அவிநாசிப் பக்கத்து அருந்ததியர் வளவில் பிறந்தவள். பன்னிரண்டாவது வரை படித்தேன். பதினெட்டு வயசில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனேன். செக்கிங் வேலை. துணியை மேசையில் விரிச்சு ஓட்டை, கறை, தையல் பிசகு பார்க்கணும். காலையில் எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டு மணி வரைக்கும் நிற்கணும். அதுக்கு ஒன்றரை ஷிப்ட் என்று பேர். உட்கார்ந்தால் வேலை ஓடாது என்பார்கள்.

2011-ல் எனக்கு இருபத்தொன்பது வயசு. காலையில் எழுந்தால் கைவிரல் மடங்காது. பாதம் தரையில் பட்டால் கூழாங்கல்லு மேலே நடக்கிற மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் உடம்பு கழண்டு கொடுக்கும். எங்க அம்மா "நின்னு நின்னு வந்த வலி அம்மிணி, எண்ணெய் தேச்சு வெந்நி ஊத்து"ன்னாங்க. பக்கத்து ஊரில் ஒருத்தர் ஊசி போடுவார். போட்டால் அன்னிக்கே வலி பறந்துவிடும். பத்து நாளில் திரும்ப வரும். திரும்பப் போவோம். என்ன ஊசி என்று அவரும் சொன்னதில்லை. எங்களை மாதிரி ஆளுகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை. வலி போனால் வேலைக்குப் போகலாம், அது போதும் என்று இருந்தது வாழ்க்கை. ரெண்டு வருசம் கழிச்சு, 2013-ல், சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள், ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம். எங்க ஆயா காலத்தில் சரவாங்கி என்பார்கள்.

இந்த நோயில் கிருமி எதுவும் இல்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சொந்தக் காவல் செல்கள் மூட்டுகளின் உள் சவ்வைப் பகையாக எண்ணித் தாக்குகின்றன. சவ்வு வீங்கி, குருத்தெலும்பை அரிச்சு, எலும்பையும் அரிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமாக வரும். கைவிரல், மணிக்கட்டு, கால்விரல் மூட்டுகளை முதலில் பிடிக்கும். பெருவிரல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து மற்ற விரல்கள் மேல் ஏறிக்கொள்ளும். முன்பாதத்து எலும்பு முனைகள் கீழே இறங்கி உள்ளங்காலில் காய்ப்புக் காய்க்கும். பத்து வருசத்தில் என் ரெண்டு பாதமும் அப்படி ஆனது. வலது கால்தான் மோசம்.

பாதத்தைப் பற்றி எங்க வீட்டில் தெரிஞ்ச அளவுக்கு வேறு எந்த வீட்டில் தெரியும்? எங்க அப்பன் செருப்புத் தைத்தவர். தோலின் மேல் பாதத்தை வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு போடுவார். ஊர்த்தெருவில் எந்தப் பண்ணாடிக்கு எந்த விரல் கோணல், யாருக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தைத்து முடிச்ச செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் செருப்பை வளவு எல்லையில் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஊர்த்தெருவுக்குள் போவார். சித்திரை வெயிலில் ஒருநாள் நானும் கூடப் போனேன். எனக்கு ஆறேழு வயசு இருக்கும். மண்ணு கொதிக்கும். அப்பன் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து என்னை நிற்கச் சொல்வார். அவருக்கு நிற்க நிழல் கிடையாது.

2022 ஜூன் மாசம் முதல் வாரத்தில் என் வலது காலில் ஆபரேசன் செய்தார்கள். பெருவிரல் அடிமூட்டில் மிச்சமிருந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, ரெண்டு எலும்பு முனையையும் நேராக்கி, தகடும் ஸ்க்ரூவும் வைத்து முடுக்கினார்கள். அந்த ரெண்டு எலும்பும் கூடி ஒரே எலும்பாக ஆகணும். அதோடு மற்ற நாலு விரல்களின் கீழே துருத்திக்கொண்டிருந்த எலும்பு முனைகளையும் சீவி எடுத்தார்கள். விரல் இனி மடங்காது, ஆனால் வலி போகும், நடக்கலாம் என்றார் டாக்டர். ஆறு வாரம் முன்பாதத்தை ஊன்றக் கூடாது. பன்னிரண்டு வாரத்தில் கூடிவிடணும். இதுதான் கணக்கு.

பன்னிரண்டாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்த டாக்டர் ஒன்றும் பேசவில்லை. எலும்புக்கு நடுவில் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. "கூடலைம்மா. உங்க நோய்க்கும் நீங்க சாப்பிடற மாத்திரைக்கும் இப்படி ஆகும். இன்னும் மூணு மாசம் பாக்கலாம்"னார். அந்த மூணு மாசமும் போய் இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு.

ஏன் கூடவில்லை என்று வார்டில் இருந்த ஒரு பயிற்சி டாக்டரம்மாவிடம் கேட்டேன். பொறுமையாக ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். எலும்பு முறிஞ்ச இடத்தில், வெட்டின இடத்தில், முதலில் ரத்தம் உறைகிறது. அதைச் சுற்றி வீக்கம் வருகிறது. அந்த வீக்கம் கெட்டது இல்லை. பழுது பார்க்கிற செல்களைக் கூப்பிடுகிற சத்தம் அது. பிறகு குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒரு பாலம் வரும். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படும். அதுக்குப் பிறகு மாசக்கணக்கில் எலும்பு தன்னைத்தானே செதுக்கிச் சரிசெய்துகொள்ளும்.

எலும்பைக் கட்டுகிற செல்களும் நம் உடம்பில் உண்டு, கரைக்கிற செல்களும் உண்டு. ரெண்டும் சரிக்குச் சரி வேலை செய்தால்தான் எலும்பு நிற்கும். முடக்குவாதத்தில் அடங்காத வீக்கம் கரைக்கிற செல்களை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அந்த வீக்கத்தை அடக்கத் தருகிற ஸ்டீராய்டு மாத்திரையோ கட்டுகிற செல்களைச் சோரப் பண்ணுகிறது. நோய் ஒரு பக்கம் இழுக்கிறது, மருந்து இன்னொரு பக்கம் இழுக்கிறது. நடுவில் எலும்பு.

இந்த ஸ்டீராய்டுக்கு ஒரு கதை உண்டு. 1948-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹெஞ்சுக்கும் கூட்டாளிகளுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ரொம்ப நாள் போட்டால் எலும்பு பஞ்சாகிப் போகும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முக்கால் நூற்றாண்டாக உலகத்துக்குத் தெரிஞ்ச விசயம். எங்க பக்கத்தில் ஊசி போட்டவர் எனக்குச் சொல்லாத விசயம்.

இதைப் படிக்கிற யாராவது முடக்குவாதக்காரர் இருந்தால், உடனே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும். வாரம் ஒருமுறை சாப்பிடுகிற மெத்தோட்ரெக்ஸேட்டை ஆபரேசனுக்காக நிறுத்த வேண்டியதில்லை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றுகிறவர்களுக்காக 2017-லும் 2022-லும் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டலும் அப்படித்தான் சொல்கிறது. புகையிலையை விடணும். அது பீடியாக இருந்தாலும் சரி, வெற்றிலையோடு மெல்லுகிறதாக இருந்தாலும் சரி. கடையில் வாங்கி விழுங்குகிற வலி மாத்திரையும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம். வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இது எலும்பின் கணக்கு. இனி காசின் கணக்கு.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் வருசத்துக்கு 91 நாள், கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் நான் ஆபரேசனுக்கே போயிருக்க முடியாது. 91 நாள் முடிஞ்சது செப்டம்பர் முதல் வாரம். எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடு தெரிஞ்சதும் அதே வாரம்தான். நீண்டகால நோய்களுக்கு அதுக்கு மேலேயும் உதவித்தொகை உண்டு. அந்தப் பட்டியலில் கூடாத எலும்பு முறிவும், தாமதமாகக் கூடும் எலும்பு முறிவும் இருக்கின்றன. முறிவு என்றே இருக்கிறது. டாக்டர் வெட்டிச் சேர்த்து வைத்த எலும்பு முறிவா இல்லையா என்று விவாதம் பண்ணுகிற இடத்துக்குக்கூட நான் போய்ச் சேரவில்லை. அதை வாங்க ரெண்டு வருசம் தொடர்ச்சியாக வேலையில் இருந்திருக்கணும். நான் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேசைக்கு முன்னால் பதினோரு வருசம் நின்றவள். ஆனால் கம்பெனி ரெக்கார்டில் என் பேர் ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து இன்னொரு காண்ட்ராக்டருக்கு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுநடுவே விடுபட்ட மாசங்கள். பதினோரு வருசம் நின்ற காலுக்குக் காகிதத்தில் ரெண்டு வருசம்கூட இல்லை.

அக்டோபரில் சூப்பர்வைசர் போன் பண்ணினார். "ஏம்மா, விரல்ல ஒரு ஆபரேசனுக்கு நாலு மாசமா? எங்க சித்திக்கு இடுப்பே மாத்துனாங்க, ரெண்டு மாசத்துல நடக்கறாங்க. வேலை செய்ய மனசில்லைன்னா சொல்லீரு"ன்னார். மனசில்லை. இந்த வார்த்தை எங்களுக்குப் புதுசு இல்லை. பண்ணையத்துக்கு ஒருநாள் போகாவிட்டால் எங்க தாத்தனுக்கும் இதையேதான் சொன்னார்கள். சோம்பேறி, சாக்குச் சொல்றான். எங்க உடம்புக்கு நோய் வரும் என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டதே இல்லை. ஓடாத மாடு என்று சொல்வார்களே தவிர நோய் வந்த ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லணும். எங்க அம்மா அறுபத்தஞ்சு வயசிலும் வாசல் கூட்டுகிற வீட்டுப் பண்ணாடிச்சிக்கும் இதே நோய். இதே மாத்திரைகள். எனக்கு முந்தின வருசம் அவருக்கும் கால்விரலில் இதே மாதிரி ஆபரேசன். கோயமுத்தூரில் தனியார் ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர், குளிர் ரூம். அவருக்கு எலும்பு கூட ஒன்பது மாசம் ஆனது. என்னைவிட ஒரு மாசம் அதிகம். அம்மா வந்து சொல்லும், "பாவம் கண்ணு, அந்தம்மாளுக்கும் இன்னும் கூடலையாமா." உடம்பின் காவல் செல்லுக்கு ஊர்த்தெருவும் தெரியாது, வளவும் தெரியாது. அவருடைய எலும்பும் மெதுவாகத்தான் கூடியது, என்னுடைய எலும்பும் மெதுவாகத்தான் கூடியது. ஆனால் அந்த ஒன்பது மாசமும் அவர் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் வாங்கி வந்தார்கள். யாரும் அவரிடம் மனசில்லையா என்று கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலி என்ன என்று அவருக்கும் தெரியும். நான் கேட்பது அவருக்குக் கிடைத்த காலத்தை.

எனக்கு அந்தக் காலத்தை வாங்கிக் கொடுத்தது என் மகள். காலேஜில் ரெண்டாம் வருசம் படித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் நான் நின்ற அதே மேசையில் போய் நின்றாள். ஒரு செமஸ்டர் போனது. "ஏம்மா அழுவற, பரிச்சைய அடுத்த தடவ எழுதிக்கறேன். எலும்ப அடுத்த தடவ வெக்க முடியுமா?"ன்னாள். எழுதிவிட்டாள். ஆனால் போன ஆறு மாசம் போனதுதான். என் கால் எலும்பில் ஏறின சுண்ணாம்பு என் மகளுடைய படிப்பிலிருந்து எடுத்தது.

சாப்பாட்டுச் சமாச்சாரம் ஒன்று. ஆஸ்பத்திரியில் உணவுத் தாள் கொடுத்தார்கள். பால், முட்டை, மீன், பயறு. "மாட்டுக்கறி சாப்பிடலாங்களா?"ன்னு கேட்டேன். அந்தம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் எதுக்கு, முட்டை சாப்பிடுங்க"ன்னார். அந்தக் கறியில் புரதம் இல்லையா, இரும்புச் சத்து இல்லையா? காயம் ஆறவும் எலும்பு கட்டவும் புரதம் வேணும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. எங்களுக்குக் கட்டுப்படியாகிற புரதம் அதுதான். தாளில் அதுக்கு இடம் இல்லை. எலும்பு சூப்புக் குடி, எலும்பு கூடும் என்று எல்லாரும் சொன்னார்கள். சூப்பில் சுண்ணாம்புச் சத்து அவ்வளவாக இறங்குவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நான் ராகிக் களியும் கறிக்குழம்பும்தான் தின்றேன். அம்மா ஆக்கிப் போட்டது.

செருப்பைப் பற்றியும் சொல்லணும். கட்டுப் பிரிச்ச பிறகு இனி ஒரு அடிகூட வெறுங்காலில் வைக்கக் கூடாது என்றார் டாக்டர். எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். அடியில் மெத்தென்ற கறுப்பு ரப்பர் வைத்தது. பஸ் ஏற ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். இப்போ எங்க பையன்கள் பைக்கிலேயே போகிறார்கள், யாரும் வெளிப்படையாகத் தடுப்பதில்லை. ஆனாலும் கோயில் முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் எங்க பெண்டுகள் இன்னும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். நான் கழற்றவில்லை. திண்ணையில் இருந்த ஒரு கிழவி, "கால் நல்லாத்தான இருக்குது, வேணும்னே போட்டுட்டுப் போறா"ன்னாள். நின்று சொன்னேன், "உள்ள இரும்பு இருக்குதுங்க ஆத்தா. கழட்டச் சொன்னா கால்தான் கழலும்." 2015-ல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், தலித்துகள் பொது இடத்தில் செருப்புப் போடுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. செருப்புத் தைத்த எங்க அப்பன் அதைப் பார்க்க இருக்கவில்லை. சட்டம் கொடுத்த உரிமையை டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒருத்தி காலில் போட முடிந்தது என்றால் அதையும் யோசிக்கணும்.

கடைசியாக நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. ஒரு கூட்டத்தில் என் நோயைப் பற்றிக் கேட்ட தோழர் ஒருவர், "அருமையான உவமை தோழர். தன்னையே தாக்கிக்கொள்ளும் உடம்பு. நம் மக்கள் உட்சாதி பார்த்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வதும் இதுதானே"ன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அதுக்குப் பிறகு யாரும் என் காலைப் பற்றிக் கேட்கவில்லை. உவமை கிடைச்சுவிட்டது, கால் எதுக்கு? உட்சாதிப் பகையை மனுசன் யோசிச்சுப் பண்ணுகிறான். அவனைக் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். என் உடம்பின் செல் யோசிச்சு எதுவும் பண்ணவில்லை. என் உடம்பு எனக்குத் துரோகியும் இல்லை. அது எட்டு மாசம் ராத்திரி பகலாகப் பாலம் கட்டியது, கரையக் கரையக் கட்டியது. 2023 பிப்ரவரியில் எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்புக் கோட்டின் குறுக்கே வெள்ளையாக எலும்பு ஓடியிருந்தது. அவ்வளவு மெதுவாக வேலை செய்தாலும் முடிக்கிற உடம்புக்குச் சோம்பேறி என்று பேர் வைக்கக் கூடாது, உவமை என்றும் பேர் வைக்கக் கூடாது.

உவமைக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய காரியம் நிறைய இருக்கிறது. நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தரணும் என்று 1948-ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொன்னது. நான் நின்ற பதினோரு வருசமும் அந்தப் பிரிவு உயிரோடுதான் இருந்தது. ஒரு ஸ்டூல்கூட வரவில்லை. 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். அதைக் கம்பெனி மேசைக்கும் கொண்டுவரச் சங்கங்கள் கேட்கலாம். நோய்க்கால உதவியின் நாளை எலும்பு முறிவை மட்டும் வைத்துக் கணக்கிடாமல், முடக்குவாதம் மாதிரி நோயோடு ஆபரேசன் செய்துகொள்கிறவர்களின் காலத்தை வைத்தும் கணக்கிடச் சொல்லலாம். காண்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளியின் வருசங்கள் அழியக் கூடாது என்று கேட்கலாம். ஆஸ்பத்திரியில் நம் பெண் ஒருத்தி எலும்பு கூடாமல் உட்கார்ந்திருந்தால், அவள் வீட்டில் யாருடைய படிப்பு நிற்கிறது என்று போய்ப் பார்க்கலாம்.

இப்போ நான் தெரிஞ்சவர் ஒருத்தரின் சின்ன யூனிட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறேன். கூலி குறைவு. பெருவிரல் மடங்காது, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. ஆனால் கால் வலிக்காமல் தரையில் நிற்கிறது. இடது காலுக்கும் ஆபரேசன் வேணும் என்கிறார்கள். இந்தத் தடவை பன்னிரண்டு வாரம் என்று யார் சொன்னாலும் நான் எட்டு மாசம் என்றே எழுதி வைப்பேன், கம்பெனிக்கும் வீட்டுக்கும்.

நம் கூட்டங்கள் பெரும்பாலும் மாடியில்தான் நடக்கின்றன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்கள். அடுத்த தடவை என்னைக் கூப்பிட்டால் கீழ்த்தளத்தில் வையுங்கள். நான் செருப்போடுதான் உள்ளே வருவேன்.